லாப்ரடாருக்கு டிரெய்னர் தேடுறீங்களா? முதல்ல நாயில்லாம போய்ப் பாருங்க!

பந்தை வீசினால் உங்க லாப்ரடார் ஓடிப்போய்க் கவ்விட்டு வருதா? அது பரம்பரைத் தொழில். வேட்டையில் சுடப்பட்ட பறவையைப் பல் பதியாமல் எடுத்துவந்து கொடுப்பதற்காக பிரிட்டனில் வளர்த்தெடுக்கப்பட்ட இனம் இது.

மனுஷனோடு சேர்ந்து வேலை செய்யவே பிறந்த நாயை அடித்துத்தான் பழக்கணுமா? ஷாக் காலரை வேல்ஸ் 2010-லேயே தடை செய்துவிட்டது. ஆனால் டிரெய்னர் ஆவதற்கு பிரிட்டனில்கூட லைசென்ஸ் கட்டாயமில்லை. விசாரிக்க வேண்டியது நாய் வளர்ப்பவர்தான்.

பணம் கட்டும் முன் ஒரு வகுப்பை நாயில்லாமல் போய்ப் பாருங்க. டிரெய்னர் பேச்சை விடுங்க, அங்கிருக்கும் நாய்களைக் கவனிங்க. வாலைக் காலிடுக்கில் செருகி, காதை மடக்கி, உதட்டை நக்கிக்கொண்டே இருந்தால் அது கீழ்ப்படிதல் இல்லை, பயம்.

“சொன்னதைச் செய்யலைன்னா என்ன பண்ணுவீங்க?” என்று நேரடியாகக் கேளுங்க. “அதெல்லாம் எங்கிட்ட விட்டுடுங்க” என்பவரிடம் விடாதீங்க. ‘ஒரு மாசம் இங்கேயே இருக்கட்டும்’ என்றால், நடுவில் சொல்லாமல் வந்து பார்க்கலாமா என்று கேளுங்க. இந்தக் கேள்விக்கு முகம் மாறுதா பாருங்க!

சேர்த்த பிறகு சங்கடமாக இருந்தாலும், லீஷைத் திரும்ப வாங்கிட்டுக் கிளம்பிடுங்க. ஃபீஸ் போனா போகட்டும்.