வீட்டை விற்கப் போகிறீர்களா? முதலில் பேஸ்மென்ற் சுவரைப் பாருங்கள்

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள் எமது முன்னோர். "விற்றுப் பார்" என்று அவர்கள் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் வீடு வளவு என்பது மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுக்கும் பொருள். அதை விற்கிறார்கள் என்றால் அந்தக் குடும்பத்துக்கு ஏதோ பெரிய கஷ்டம் வந்துவிட்டது என்றுதான் ஊர் பேசும். "காணி பூமியை விற்றுத் தின்றவன்" என்ற பெயர் பேரப்பிள்ளைகள் காலம் வரை நிற்கும்.

கனடாவில் அப்படியில்லை. பிள்ளைகள் வளர்ந்தாலும், வேலை மாறினாலும், படி ஏற முடியாத வயது வந்தாலும் இங்கே வீட்டை விற்று இன்னொன்றை வாங்குகிறார்கள். அதில் மானக்கேடு எதுவுமில்லை. ஸ்காபரோவில் 21 வருடம் இருந்த எமது வீட்டை நாம் 2018 இலையுதிர் காலத்தில் விற்றோம். அப்போது கற்றுக்கொண்டதையும், ஒரு விடயத்தில் நாம் தடுமாறி நின்றதையும் புதிதாகக் குடியேறிய குடும்பங்களுக்காக இங்கே எழுதுகிறோம். வாங்கவே இன்னும் வழியில்லை, விற்பதைப் பற்றி என்ன கதை என்று நினைக்க வேண்டாம். விற்பவர் எதைத் திருத்துகிறார், எதை மறைக்கிறார் என்று தெரிந்தவர்தான் வாங்கும்போது ஏமாறமாட்டார்.

விலை எப்போதும் ஏறுமா?

"வீட்டில் போட்ட காசு வீண் போகாது" என்று எம்மவர் மத்தியில் ஒரு நம்பிக்கை உண்டு. ரொறன்ரோப் பகுதியில் 1989-இல் ஒரு வீட்டின் சராசரி விலை சுமார் 2 இலட்சத்து 73 ஆயிரம் டொலர். 1996-இல் அது 2 இலட்சத்துக்கும் கீழே இறங்கியது. 2022 பெப்ரவரியில் விலை உச்சிக்குப் போனது. அதன் பின் கனடா வங்கி தனது வட்டி வீதத்தை 0.25 இலிருந்து 2023 யூலைக்குள் 5 வீதத்துக்கு உயர்த்தியது. வீட்டு விலையும் இறங்கியது. சந்தை எங்கள் கையில் இல்லை. வீட்டின் நிலைதான் எங்கள் கையில் இருக்கிறது. ஆகவே செலவழிக்கும் ஒவ்வொரு டொலரும் திரும்பி வருமா என்று கேட்டுவிட்டே செலவழிக்க வேண்டும்.

எதைச் செய்தோம், எதைச் செய்யவில்லை

எமது முதல் எண்ணம் குசினியை உடைத்துப் புதிதாகக் கட்டுவது. கேட்ட விலை 30 ஆயிரம் டொலருக்கு மேல். பின்னர் யோசித்தோம். வாங்கப் போகிறவருக்கு எமது நிறம் பிடிக்குமா? அவர் வந்தவுடன் அதை உடைத்துத் தனக்கு விருப்பமானதைப் போட்டால் எமது காசு போனதுதானே? அதனால் அலுமாரிகளைக் கழுவி, பெயின்ற் பூசி, கைபிடிகளையும் தண்ணீர்க் குழாயையும் மட்டும் மாற்றினோம். எல்லாமாக 600 டொலருக்குள் முடிந்தது.

குளியலறையில் தொட்டியைச் சுற்றிக் கறுத்துப் போயிருந்த பசையைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூசினோம். பியூஸ் போன பல்புகளை மாற்றினோம். இறுகிய கதவுகளைச் சீவினோம். வாசல் கதவுக்கு நிறம் பூசி, தூரத்திலிருந்து தெரியும்படி வீட்டு இலக்கத்தை மாற்றினோம். வீடு பார்க்க வருபவர் முகவர் கதவைத் திறக்கும்வரை வாசற்படியில் நிற்கிறார். அந்த இரண்டு நிமிடத்தில் அவர் கண்ணில் படுவது புல், படி, கதவு, கூரைப் பீலி ஆகியவைதான்.

வரவேற்பறைக் காபெற்றை ஒரு மூலையில் கிளப்பிப் பார்த்தபோது எமக்கு ஆச்சரியம் காத்திருந்தது. அடியில் ஓக் மரப்பலகைத் தரை! அந்தக் காலத்து ஸ்காபரோ வீடுகள் பலவற்றில் இப்படி இருக்கிறது. 21 வருடம் காபெற் கழுவக் காசு கொடுத்தோம், கீழே இருந்தது தெரியாமல். தரையைத் தேய்த்து வார்னிஷ் அடித்தோம். வீட்டைப் பார்த்தவர்கள் அதிகம் பாராட்டியது அதைத்தான்.

சமையல் மணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எமது சமையலில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பார்க்க வருபவர் அந்த வீட்டில் தமது வாழ்க்கையைக் கற்பனை செய்து பார்க்க வேண்டும். எமது மீன் பொரியல் அங்கே முந்திக்கொள்ளக் கூடாது. அடுப்புக்கு மேலுள்ள காற்றாடியின் வடியைக் கழுவுங்கள். குசினிச் சுவரில் எண்ணெய்ப் படிவு இருந்தால் கொழுப்பு கரைக்கும் சவர்க்காரத்தால் கழுவிவிட்டே பெயின்ற் பூசுங்கள். இல்லாவிட்டால் பெயின்ற் ஒட்டாது, சில மாதங்களில் உரிந்து வரும். காபெற்றும் திரைச்சீலையும் மணத்தைப் பிடித்து வைப்பவை. வீடு பார்க்க வரும் நாட்களில் புட்டும் சம்பலும் போதும், பொரியலை அடுத்த கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. முன்பின் தெரியாதவர்கள் வீடெல்லாம் நடந்து திரியப் போகிறார்கள். தாலிக்கொடி, நகை, கடவுச்சீட்டு, வங்கிக் கடிதம் எதையும் வீட்டில் விட்டுவைக்க வேண்டாம். வங்கிப் பெட்டகத்தில் வையுங்கள்.

பேஸ்மென்ற் சுவர்

இனி நாம் தடுமாறிய இடம்.

பேஸ்மென்ற் அறையின் பின்சுவரில், நிலத்திலிருந்து ஒரு அடி உயரத்துக்கு, ஒவ்வொரு வசந்தத்திலும் ஈரம் கசியும். பனி உருகும் நாட்களில் சுவரோரம் கறுப்புப் புள்ளிகள் பூக்கும். நாம் அதைத் துடைத்துவிட்டு ஒரு அலுமாரியைத் தள்ளி மறைத்து வைத்திருந்தோம். விற்பதென்று முடிவானதும் எமது நண்பர் ஒருவர் வந்து பார்த்தார். "மச்சான், இதுக்கேன் யோசிக்கிறாய்? புதுப் பலகை ஒண்டு அடிச்சு, வெள்ளைப் பெயின்ற் பூசிவிடு. வாங்கிறவன் பிறகு பாத்துக்கொள்ளட்டும். எல்லாரும் இதைத்தான் செய்யினம்" என்றார். அப்போது எமக்கு வந்து போன முகவரும் ஏறத்தாழ அதையே சொன்னார்.

உண்மையைச் சொன்னால், எமக்கும் அது சரியென்றே பட்டது. பிள்ளையின் பல்கலைக்கழகச் செலவு முன்னால் நின்றது. திருத்த எவ்வளவு போகுமோ என்ற பயம் வேறு.

அம்மா பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவர். அவர் சொன்னது ஒரே வசனம்: "வாற பிள்ளையளும் அந்த அறையிலதானே படுக்கப் போகுதுகள்."

1991-இல் நாம் வந்திறங்கிய முதல் குளிர்காலம் எமக்கு ஞாபகம் வந்தது. அப்போது நாம் வாடகைக்கு இருந்ததும் ஒரு பேஸ்மென்ற்தான். புதிதாகப் பெயின்ற் பூசிய சுவர், மாசி மாதம் முடிய முன் கறுத்துவிட்டது. மூத்தவனுக்கு அந்த வருடம் முழுக்க இருமல். வீட்டுக்காரரை நாம் எவ்வளவு திட்டியிருப்போம்! இன்று அந்த வீட்டுக்காரரின் இடத்தில் நாமே நிற்கிறோமா என்று கேட்டுக்கொண்டோம்.

சட்டத்தரணியிடமும் கேட்டோம். கண்ணால் பார்த்தால் தெரியும் குறையை வாங்குபவர்தான் கவனிக்க வேண்டும். ஆனால் வீட்டை ஆபத்தானதாகவோ குடியிருக்க முடியாததாகவோ ஆக்கும் மறைவான குறை ஒன்று விற்பவருக்குத் தெரிந்திருந்தால் அதைச் சொல்லியே ஆக வேண்டும். குறையை வேண்டுமென்று மூடி மறைத்தால் விற்ற பிறகும் நட்டஈட்டு வழக்கு வரலாம் என்று அவர் விளக்கினார். ஆகவே புதுப் பலகையும் வெள்ளைப் பெயின்றும் மலிவான வழியல்ல.

பழைய பலகையைக் கழற்றிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. கூரைப் பீலியிலிருந்து இறங்கும் குழாய் அத்திவாரத்தின் அருகிலேயே தண்ணீரைக் கொட்டியது. அந்த இடத்து மண்ணும் தாழ்ந்து வீட்டுப் பக்கம் சரிந்திருந்தது. கொங்கிறீற் சுவரில் மெல்லிய வெடிப்பு ஒன்று. குழாயை நீட்டித் தண்ணீரை இரண்டு மீற்றர் தள்ளி விட்டோம். மண் போட்டு நிலத்தை வெளிப்பக்கம் சரியச் செய்தோம். வெடிப்புக்குள் பசையை ஏற்றி அடைப்பதற்குத் தொழில் தெரிந்த ஒருவரைப் பிடித்தோம். பூஞ்சணம் பிடித்த பலகையை வெட்டி எறிந்து புதிது போட்டோம். எல்லாமாக 2,300 டொலர். நாம் பயந்தது பத்தாயிரத்துக்கு! இவ்வளவு காலம் அலுமாரியால் மறைத்ததற்குப் பதிலாக முதல் வருடமே குழாயை நீட்டியிருந்தால் பாதிச் செலவும் வந்திராது.

பற்றுச்சீட்டுகளையும், திருத்த முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் ஒரு கோப்பில் போட்டு, பார்க்க வந்தவர்களுக்குக் காட்டினோம். முதலில் விலை சொன்னவர் "தண்ணீர் வந்த வீடு" என்று கேள்விப்பட்டதும் விலகிக்கொண்டார். அன்றிரவு வீட்டில் யாரும் பெரிதாகக் கதைக்கவில்லை. மூன்று கிழமை கழித்து ஒரு இளம் குடும்பம் வந்தது. அவர்களுடைய வீட்டுப் பரிசோதகர் ஈரம் அளக்கும் கருவியை அந்தச் சுவர் முழுவதும் வைத்துப் பார்த்தார். சுவர் காய்ந்திருந்தது. முதலாமவர் சொன்னதைவிட 9 ஆயிரம் குறைவாகவே கிடைத்தது. கையெழுத்து வைத்துவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்கினோம்.

மின்கம்பியும் அனுமதியும்

எமது வீடு 1968-இல் கட்டப்பட்டது. அறுபதுகளின் நடுப்பகுதி முதல் எழுபதுகளின் பிற்பகுதி வரை கட்டப்பட்ட வீடுகள் பலவற்றில் அலுமினிய மின்கம்பி உண்டு. காப்புறுதிக் கம்பனிகள் அதைப் பற்றிக் கேள்வி கேட்கும். அனுமதிப்பத்திரம் உள்ள மின்சாரத் தொழிலாளரைக் கொண்டு இணைப்புகளைத் திருத்தி, ஒன்ராறியோ மின்சாரப் பாதுகாப்பு அதிகாரசபையின் பரிசோதனைச் சான்றிதழைப் பெற்று வைத்தோம். தெரிந்த பெடியனை வைத்துச் செய்வித்தால் காசு மிஞ்சும், கடதாசி மிஞ்சாது.

பேஸ்மென்ற்றில் இரண்டாவது குசினி போட்டு வாடகைக்கு விடுவது எம்மவரிடையே வழக்கம். தனிக் குடியிருப்பாக மாற்றுவதற்கு நகரசபையின் கட்டட அனுமதி வேண்டும். நெருப்புத் தடுப்புச் சுவர், வெளியேறும் வழி, புகை எச்சரிக்கைக் கருவி எல்லாவற்றுக்கும் விதிகள் உண்டு. அனுமதியில்லாமல் செய்ததைச் "சட்டப்படியான குடியிருப்பு" என்று சொல்லி விற்க முடியாது. அங்கே வாடகைக்கு ஆட்கள் இருந்தால், வீட்டை விற்கிறோம் என்ற காரணத்துக்காக மட்டும் அவர்களை எழுப்பவும் முடியாது. வாங்குபவர் அங்கே தாமே குடியிருக்க உண்மையாக விரும்பினால், உரிய படிவத்தில் குறைந்தது 60 நாள் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். வீடு காட்டுவதற்கும் 24 மணித்தியாலத்துக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும். நாமும் வாடகைக்கு இருந்துதான் வந்தோம் என்பதை மறக்க வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள்

விற்ற விலை முழுவதும் கைக்கு வருவதில்லை. முகவரின் கழிவு எத்தனை வீதம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, பேசிக் குறைக்கலாம். 8 இலட்சம் டொலர் வீட்டுக்கு 5 வீதம் என்றால் 40,000 டொலர். அதன் மேல் 13 வீத விற்பனை வரி 5,200. ஆக 45,200 டொலர் போய்விடும். 2023 டிசம்பர் 1 முதல் ஒன்ராறியோவில் புதிய வீட்டு முகவர் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஒரே முகவர் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் சேர்ந்து வேலை செய்வதென்றால் இரு பகுதியினரும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். முகவர் எமது ஊரவர், உறவினர் என்பதற்காக வாசிக்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம்.

வீட்டுக் கடனைத் தவணைக்கு முன் முடித்தால் வங்கி தண்டம் அறவிடும். நிலையான வட்டிக் கடனுக்கு இது பெருந்தொகையாகலாம். வீட்டை விளம்பரப்படுத்த முன்பே வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடனையே புதிய வீட்டுக்கு மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள்.

நீங்கள் குடியிருந்த வீட்டை விற்று வந்த இலாபத்துக்குப் பெரும்பாலும் வரி இல்லை. ஆனால் 2016 ஆம் ஆண்டிலிருந்து அந்த விற்பனையை வருமான வரிப் படிவத்தில் காட்டியே ஆக வேண்டும். 2023 முதல், வாங்கி ஒரு வருடத்துக்குள் விற்றால் இலாபம் வியாபார வருமானமாகக் கணிக்கப்படும். மரணம், பிரிவு, வேலை மாற்றம் போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. வாடகைக்கு விட்டவர்கள் கணக்காளரிடம் கேட்பது நல்லது.

எம்மவர் பலர் அண்ணன் தம்பி சேர்ந்தும், மைத்துனரின் பெயரைச் சேர்த்தும் வீடு வாங்கியிருக்கிறார்கள். உறுதியில் பெயருள்ள எல்லாரும் கையெழுத்து வைக்காமல் விற்க முடியாது. கணவன் மனைவி வாழும் வீடென்றால், பெயர் ஒருவருடையதாக இருந்தாலும் மற்றவரின் சம்மதம் வேண்டும். யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை விற்கும் பலகை நாட்ட முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். காசு கைக்கு வந்த பின் பேசினால் உறவும் போகும்.

திறப்பைக் கொடுக்கும் நாளில் அந்தக் கோப்பையும் மேசையில் வைத்துவிட்டு வந்தோம். தண்ணீர் வால்வு எங்கே இருக்கிறது, சூளை வடியை எப்போது மாற்ற வேண்டும், பீலியை எந்த மாதம் துப்புரவாக்க வேண்டும் என்று ஒரு துண்டில் எழுதியும் வைத்தோம். சாடியில் நின்ற கறிவேப்பிலையை மட்டும் அம்மா மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினார்.

வீடு விற்கப் போகும் குடும்பங்களே, குசினியை உடைக்க முன் பேஸ்மென்ற்றுக்கு இறங்குங்கள். அலுமாரியைத் தள்ளிப் பாருங்கள்.