இல்லறத்தில் உரையாடல்

என் இளமைப் பருவத்தில் எனக்கு ஓர் உத்தியோகம் இருந்தது. சேரன்மகாதேவிக்கு அருகில், தாமிரபரணிக் கரையில் இருந்த எங்கள் வீட்டில், திண்ணையில் அமர்ந்திருக்கும் தாத்தாவுக்கும் அடுக்களையில் இருக்கும் ஆச்சிக்கும் இடையே செய்தி சுமக்கும் தபால்காரன் உத்தியோகம் அது. "ஏல தம்பி, தாத்தாட்டச் சொல்லு, நல்லெண்ணெ தீந்துட்டுன்னு" என்பார் ஆச்சி. நான் ஓடிப்போய்ச் சொல்வேன். தாத்தா ஒரு 'ம்' கொட்டுவார். அந்த 'ம்'மைச் சுமந்துகொண்டு திரும்பி வருவேன். இடையே இருந்த தூரம் இருபது அடிக்கு மேல் இராது. நான் பள்ளிக்கூடம் சென்றிருக்கும் வேளைகளில் ஆச்சி முற்றத்துத் தூணைப் பார்த்துச் சொல்வாராம். தாத்தாவும் அந்தத் தூணுக்கே விடை கூறுவாராம். கணவன் பெயரை மனைவி சொல்லலாகாது, பிறர் காதுபட இருவரும் பேசிக்கொள்ளலாகாது என்பன அக்காலத்து மரியாதைகள். அம்முறையில் அவர்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் குடித்தனம் நடத்தினார்கள். பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார்கள். ஆகவே அதனை எளிதில் பழித்துவிட நான் விரும்பவில்லை.

ஆனால் ஒரு நாள் அந்த முறை முறிந்தது. கன்னடியன் கால் பாய்ச்சலில் எங்களுக்கிருந்த நிலத்தில் அரைக் கோட்டை விதைப்பாட்டைத் தாத்தா விற்றுவிட்டார். கடன் இருந்தது, விற்றது தவறன்று. அதனை அவர் தூணிடம்கூடச் சொல்லவில்லை. ஆச்சி ஆற்றில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் கல்லில் இருந்த பெண் ஒருத்தி, "அந்த வயலை நல்ல விலைக்குத்தான் கொடுத்திருக்காக போல" என்றாள். ஆச்சி நனைந்த துணியோடு வீடு வந்து சேர்ந்தார். அன்று முதல் பல வாரங்கள் எனக்கு வேலையில்லாமற் போயிற்று. அடுக்களையிலிருந்து செய்தியே வரவில்லை.

பிற்காலத்தில் நான் வளர்ந்தபின் ஆச்சி என்னிடம் சொன்னது இது: "வயல் போனா போவுது. படித்துறையில வச்சுக் கேக்கும்படி ஆயிட்டே, அதுதான் பொறுக்கல."

தம்பதிகளிடையே உண்டாகும் மனஸ்தாபங்களில் பெரும்பாலானவற்றின் வரலாறு இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிக் கிடப்பதாக நான் கருதுகிறேன். நிகழ்ந்த செயலைவிட, அது தமக்கு மூன்றாவது வாய் வழியாக வந்து சேர்ந்ததே மனத்தை அதிகம் புண்படுத்துகிறது. இருவருக்கிடையே ஒன்று சொல்லப்படாமல் விடப்பட்டால் அந்த இடம் காலியாக இருப்பதில்லை. வேறு யாரேனும் வந்து அதில் அமர்ந்துகொள்கிறார்கள். உறவினர், அண்டைவீட்டார், நண்பர், இக்காலத்தில் கைத்தொலைபேசித் திரை என அமர்வோர் பலர்.

இதற்கு நம் தாமிரபரணிச் சீமையிலேயே புகழ்பெற்ற ஓர் உதாரணம் உண்டு. 1897ஆம் ஆண்டில், திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் பயின்றுவந்த சுப்பிரமணிய பாரதிக்கும், மேற்குமலை அடிவாரத்துக் கடையம் என்னும் ஊரைச் சேர்ந்த செல்லம்மாளுக்கும் திருமணம் நிகழ்ந்தது. மணமகனுக்கு வயது பதினான்கு; மணமகளுக்கு ஏழு. மறு ஆண்டில் தந்தையை இழந்த பாரதியார், அத்தையின் ஆதரவை நாடிக் காசிக்குச் சென்றார். செல்லம்மாள் கடையத்திலேயே இருந்தார். பாரதியார் காசியில் வேண்டாத காரியங்களில் ஈடுபட்டிருக்கிறார் என்று ஒருவர் அந்தச் சிறுமியிடம் சொல்லி அச்சமூட்டிவிட்டார். கடையத்திலிருந்து காசிக்குக் கவலையோடு ஒரு கடிதம் சென்றது. அதற்குப் பாரதியார் எழுதிய விடை இன்றும் நமக்குப் படிக்கக் கிடைக்கிறது.

மாணவ நண்பர்கள் அக்கடிதத்தைத் தேடிப் படிக்க வேண்டும். அது மிகச் சிறியது. மனைவியைக் காதலி என்று விளித்துத் தொடங்குகிறது. அவளுடைய கடிதம் அன்பு நிறைந்தது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறது. அஞ்சும்படியாகத் தாம் ஒன்றும் செய்யவில்லை என்கிறது. அச்சத்தை விளைவித்தவர் யார் என்பதை மறையாமல் கூறுகிறது. நேரில் சந்திக்கும்போது யாவற்றையும் விவரமாகச் சொல்வதாக வாக்களிக்கிறது. கடைசியில், கவலையில் கழிக்கும் நேரத்தில் தமிழை நன்கு கற்றுவந்தால் தமக்கு மகிழ்ச்சியுண்டாகும் என்று முடிகிறது. 1901ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இந்தியப் பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட எழுத்தறிந்தவராக இல்லை. அக்காலத்தில், இருபது வயதும் நிரம்பாத ஓர் இளைஞர், பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு எழுதிய கடிதம் இது என்பதை நினைத்துப் பாருங்கள்.

கடிதத்தின் தொடக்கத்தை நான் வலியுறுத்துவதற்குக் காரணமுண்டு. அமெரிக்க உளவியல் அறிஞர் ஜான் காட்மன், தம் துணை ஆய்வாளர் ஒருவருடன் 1999ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். புதிதாக மணம் புரிந்த 124 தம்பதிகளை, அவர்களுக்குள் கருத்து வேற்றுமை உள்ள ஒரு விஷயத்தைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசச் செய்து, அப்பேச்சைப் பதிவு செய்தார்கள். பின்னர் ஆறு ஆண்டுகள் அவர்களுடைய வாழ்க்கையைத் தொடர்ந்து கவனித்தார்கள். மணவிலக்குப் பெற்றவர்களின் பேச்சு, முதல் மூன்று நிமிடங்களிலேயே மற்றவர்களுடையதினின்றும் வேறுபட்டிருந்தது. கடுமை மிகுந்தும் கனிவு குறைந்தும் தொடங்கியிருந்தது. "நீ எப்போதும் இப்படித்தான்" என்று ஆரம்பிக்கும் பேச்சு, கேட்பவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறது. கூண்டில் ஏறியவர் தம்மைக் காத்துக்கொள்ளப் பார்ப்பாரேயன்றி எதிரில் உள்ளவர் சொல்வதைச் செவிமடுக்கமாட்டார். "இது எனக்கு வருத்தமாக இருந்தது" என்று ஆரம்பித்தால், அதே குறையைக் கூறினாலும் விசாரணைக்கு இடமிராது. பாரதியார், "என்னைச் சந்தேகிக்கிறாயா?" என்று தம் கடிதத்தைத் தொடங்கியிருக்கலாம். அவர் அப்படித் தொடங்கவில்லை.

இருப்பினும் அக்கடிதத்தில் ஒரு குறையும் உண்டு என்று சொல்ல எனக்குத் துணிவு வருகிறது. விவரம் பிறகு சொல்லப்படும் என்கிறது அது. ஒத்திவைக்கப்பட்ட விவரம் பல வீடுகளில் வந்து சேர்வதேயில்லை. கவிஞர் வீட்டிலும் எல்லாம் ஒழுங்காக நடக்கவில்லை. 1905ஆம் ஆண்டிலேயே 'சக்கரவர்த்தினி' என்ற மாதர் பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்து பெண் கல்விக்கு வாதாடியவர் அவர். எனினும், காங்கிரஸ் மகாசபைக்குச் சென்று திரும்பும் வழியில் நிவேதிதா தேவியைச் சந்தித்தபோது, மனைவியை ஏன் அழைத்து வரவில்லை என்று அந்த அம்மையார் கேட்க, அது நம் வழக்கமில்லை என்று விடை கூறிக் கடிந்துகொள்ளப்பட்டார். புதுச்சேரியில் சமையலுக்கு வைத்திருந்த அரிசியை அவர் குருவிகளுக்கு இறைத்துவிட்ட கதையை நீங்கள் பாடப் புத்தகத்தில் படித்து மகிழ்ந்திருப்பீர்கள். அதே கதையை அடுக்களைப் பக்கமிருந்து ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அவருக்கு அது உயிர்களிடத்து அன்பு. அவளுக்கு அது குழந்தைகளின் பகல் உணவு. இருவர் சொல்வதும் உண்மை. இறைப்பதற்கு முன் ஒரு வார்த்தை பேசியிருந்தால் குருவிக்கும் குழந்தைக்கும் பங்கு பிரித்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றுகிறது. நாவன்மை வேறு, வீட்டில் மனம்விட்டுப் பேசுவது வேறு. முன்னதில் வல்லவர்கள் பின்னதில் தடுமாறுவதுண்டு.

சண்டையே கூடாது என்று நான் சொல்லவில்லை. வள்ளுவர் புலவியை உணவில் இடும் உப்புக்கு ஒப்பிட்டார். அதற்கும் அளவு கூறினார். ஊடல் ஒரு பேச்சு. அதில் ஒருவர் முகம் திருப்பும்போது மற்றவர் காரணம் கேட்க வேண்டும் என்ற அழைப்பு இருக்கிறது. எங்கள் ஆச்சியின் பல வார மௌனமோ எந்த அழைப்பும் இல்லாதது. ஒரு வார்த்தை எச்சரிக்கையாகவும் சொல்ல வேண்டும். அடிக்கும் கைக்கும் அச்சுறுத்தும் நாவுக்கும் இனிய பேச்சு மருந்தாகாது. அத்தகைய வீட்டில் உள்ளவருக்குத் துணை நிற்கவே 2005ஆம் ஆண்டில் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது.

பாரதியார் 1921இல் மறைந்தார். தமிழைக் கற்கும்படி கணவரால் வேண்டிக்கொள்ளப்பட்ட செல்லம்மாள், அடுத்த ஆண்டில் பாரதி ஆசிரமம் என்ற பெயரால் அவருடைய பாடல்களை அச்சிட்டார். அவர் சொல்லச் சொல்ல மகள் தங்கம்மாள் எழுதிய பாரதி சரித்திரம் 1941இல் வெளிவந்தது. 1951இல் திருச்சி வானொலி நிலையத்தில் 'என் கணவர்' என்ற தலைப்பில் அவர் பேசினார். கவிஞனுக்கு மனைவியாக வாய்த்ததன் பெருமையையும், அதன் துன்பத்தையும், ஒன்றை மற்றொன்றால் மறைக்காமல் அப்பேச்சில் எடுத்துரைத்தார். அவருடைய கணவர் அதனைக் கேட்க இருக்கவில்லை.

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். நிலம் விற்ற இரண்டு ஆண்டுகளுக்குப் பின், வீட்டுப் பசுவைக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம் தாத்தாவுக்கு உண்டாயிற்று. அன்று அவர் என்னைக் கூப்பிடவில்லை. திண்ணையைவிட்டு எழுந்து, தூணையும் கடந்து, அடுக்களை நிலைப்படியில் வந்து நின்றார். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் சிறிது நேரம் தொண்டையைச் செருமினார். பிறகு, "இந்தா, மாட்டை நூற்றைம்பதுக்குக் கேக்கான். என்ன செய்யலாம்?" என்றார்.

ஆச்சி அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பாமலே, "இருநூறுக்குக் குறையக் கூடாது" என்றார்.