ஏழு பெண்கள், ஒரே நடிகை

பல வேடம் என்றதும் நம் நினைவுக்கு வருவது 1964-இல் ஏ. பி. நாகராஜன் இயக்கிய 'நவராத்திரி'. குடிகாரர், மருத்துவர், உழவர், கூத்துக் கலைஞர் என்று சிவாஜி கணேசனுக்கு ஒன்பது வேடங்கள். சாவித்திரி அம்மையாருக்கோ ஒன்றே. ஒன்பது பேருக்கும் அவர் சளைக்காமல் ஈடு கொடுக்கிறார். ஆயினும் பெண்ணுக்கு இவ்வாய்ப்பு வராதா என்று நாம் கேட்கலாமல்லவா?

வந்தது, 1967-இல். இத்தாலிய இயக்குநர் விட்டோரியோ டி சிகாவின் 'உமன் டைம்ஸ் செவன்' படத்தில் பாரிஸ் நகரத்துக் கதைகள் ஏழு. ஏழிலும் நாயகி ஷெர்லி மெக்லேன். ஒன்றில், கணவனின் சவ ஊர்வலத்தில் நடக்கும் விதவை. உடன் வரும் மருத்துவரோ காதல் பேசுகிறார்! மற்றொன்றில், எழுத்தாளரான கணவர் படைத்த துடுக்கான கதாநாயகியைப் போலத் தானும் மாற முயல்கிறாள் மனைவி. அவளுக்குப் பித்து என்று மனநல மருத்துவரை அழைக்கின்றனர். சிரிப்போடு நெஞ்சும் கனக்கிறது.

உடையும் ஒப்பனையும் பாதி வேலைதான். நடையும் குரலும் மாற வேண்டும். ஏரோது மன்னனும் காவலனும் நாமேயாகி, ஒட்டு மீசை நழுவ நடிக்கும் நமக்கு இது தெரியும்.

2009-இல் அசுதோஷ் கோவாரிகரின் 'வாட்ஸ் யுவர் ராஷி?' என்ற இந்திப் படத்தில் பிரியங்கா சோப்ரா, ராசிக்கு ஒருத்தியாக 12 பெண்களானார். பன்னிரண்டு பேருமே ஒரு மாப்பிள்ளை பார்க்கும் பெண்கள்! ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலைக்குக் காலையில் பேருந்தேறும் அக்காமாரில் ஒருத்தியையாவது சேர்த்திருக்கலாம்.