வீடியோ பாடம் மனதில் நிற்க...



ஒரு பாடத்தை வீடியோவில் பார்க்கிறீர்கள். எல்லாம் புரிந்த மாதிரி இருக்கிறது. மறுநாள் ஆசிரியர் கேள்வி கேட்டால் பதில் வரவில்லை! ஏன் அப்படி?

படம் காட்டிப் பாடம் நடத்துவது புதிதல்ல. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு காலம், நம் நாட்டில் ஆறு மாநிலங்களைச் சேர்ந்த சுமார் 2,400 கிராமங்களில் செயற்கைக்கோள் மூலம் டி.வி. நிகழ்ச்சிகள் தெரிந்தன. செயற்கைக்கோள் அமெரிக்காவின் நாசாவுடையது. நிகழ்ச்சிகளை நடத்தியதில் நமது இஸ்ரோவுக்குப் பெரும் பங்கு உண்டு. அலைகளைப் பிடித்த பெரிய குடை எதில் செய்தது தெரியுமா? கோழிக் கூண்டுக்குப் போடும் கம்பி வலையில்! காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மாலையில் பெரியவர்களுக்கும் நிகழ்ச்சிகள் வந்தன.

கண்ணுக்கு எளிதில் தெரியாததைக் காட்டுவதுதான் வீடியோவின் பலம். பாகூர் கொம்யூனில், தென்பெண்ணை ஆற்றங்கரையில் உள்ள ஊர் சோரியாங்குப்பம். ஆறு வளையும் இடத்தில், வெளிப்பக்கம் தண்ணீர் வேகமாக ஓடிக் கரையை அரிக்கும். உள்பக்கம் வேகம் குறைந்து மணல் படியும். பல ஆண்டுகள் நடக்கும் இந்த வேலையை வீடியோ அரை நிமிடத்தில் காட்டிவிடும்.

ஆனால், வீடியோ நமக்காகக் காத்திருக்காது. மனம் எங்கோ போனாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் ஒரு சோதனையை வெளியிட்டனர். 21 நிமிடப் பாட வீடியோவை நான்கு பகுதிகளாகப் பிரித்துக் காட்டினர். ஒரு குழுவுக்கு மட்டும் ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பாடத்திலிருந்து கேள்வி கேட்டனர். அந்தக் குழுவின் மனம் அலைபாய்ந்தது, மற்றவர்களைவிடப் பாதி அளவுதான். கடைசித் தேர்விலும் அவர்களே முந்தினர்!

நீங்களும் செய்து பாருங்கள்:

* ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வீடியோவை நிறுத்துங்கள்.

* பார்த்ததை, திரையைப் பார்க்காமல் உங்கள் சொற்களில் எழுதுங்கள்.

* எழுத வராத இடத்தை மட்டும் மறுபடி பாருங்கள்.

* தம்பி, தங்கைக்குச் சொல்லிக் கொடுங்கள்.

சோரியாங்குப்பம் பிள்ளைகள் இன்னொன்றும் செய்யலாம். பெரியவர்கள் துணையோடு, பத்திரமான இடத்தில் நின்று, ஆறு எந்தக் கரையை அரித்திருக்கிறது என்று பார்க்கலாம். 2024 டிசம்பரில் தென்பெண்ணை பெருகி, பாகூர் பகுதிக் கரையோர ஊர்களில் வெள்ளம் புகுந்ததே! ஆற்றின் போக்கை அறிவது அவர்களுக்கு மதிப்பெண்ணுக்காக மட்டும் அல்ல.

வீடியோ காட்டித் தரும். கற்றுக்கொள்வது நம் வேலை!