வரிசையில் நிற்பதும் ஒரு பாடமே

ஆட்டிசம் உள்ள மாணவர் உயர்நிலை வகுப்புக்கு வந்ததும் நம் கவலை பாடத்திலும் தேர்விலும் நின்றுவிடுகிறது. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் என்று தேர்வுச் சலுகைகளைப் பெற்றுத் தருகிறோம். அவர் சத்துணவு வரிசையில் நிற்கிறாரா, பக்கத்து மாணவரிடம் அளவுகோல் கேட்டு வாங்குகிறாரா என்பதைக் கவனிக்கிறோமா?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், ஆட்டிசத்தை 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாகச் சேர்த்துள்ளது. 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு உள்ள குழந்தைகளுக்கு 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. அதன் பிறகு அவர்கள் கடையிலும் பேருந்திலும் பணியிடத்திலும் பிறரோடு பழகியாக வேண்டும். அதற்குத் தயார்படுத்த, எட்டாம் வகுப்பு மாணவரிடம் நமக்கு மீதமிருப்பது நான்கைந்து ஆண்டுகளே.

இங்கே கைகொடுப்பது தொழில்வழிச் சிகிச்சை, அதாவது ஆக்குபேஷனல் தெரபி. பெயரைக் கேட்டு இதை வேலைவாய்ப்புப் பயிற்சி என எண்ண வேண்டாம். உடுத்துதல், உண்ணுதல், விளையாடுதல், பேசிப் பழகுதல் என அன்றாடச் செயல் ஒவ்வொன்றும் இதில் 'தொழில்'தான்.

காரணத்தைக் காணுங்கள். ஒலி, தொடுதல் போன்ற புலன் உணர்வுகளை மூளை ஒழுங்குபடுத்தும் விதம் நடத்தையைப் பாதிக்கும் என்று விளக்கியவர் அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சையாளர் ஜீன் ஏயர்ஸ். வரிசையில் பிறரைத் தள்ளும் மாணவருக்குப் பின்னால் நிற்பவர் உரசுவதே தாங்க முடியாததாக இருக்கலாம். அவரை வரிசையின் கடைசியில் நிற்க வைத்துப் பாருங்கள். இரைச்சல் கூடும்போது சற்று ஒதுங்கியிருக்க ஓர் அமைதியான இடமும் தேவை.

செயலைப் பிரியுங்கள். 'ஒழுங்காக நில்' என்பது அவருக்குப் புரியாமல் போகலாம். தட்டை எடு, கடைசி ஆளுக்குப் பின் நில், ஒரு கை நீளம் இடைவெளி விடு, முன்னால் நிற்பவர் நகர்ந்தால் நகரு, தட்டை நீட்டு என ஐந்து படங்களாக வரைந்து காட்டுங்கள். ஒரு படி கைவந்தபின் அடுத்த படிக்குச் செல்லலாம்.

உண்மையான இடத்தில் பழக்குங்கள். வகுப்பில் கற்றதை வெளியிடத்தில் பயன்படுத்துவது இம்மாணவர்களில் பலருக்குக் கடினம். வகுப்பறையில் பயணச்சீட்டு வாங்கி நடித்த மாணவரைப் பெற்றோர் பொம்மிடி ரயில் நிலையத்துக்கு அழைத்துச் சென்று, "மொரப்பூருக்கு ஒரு டிக்கெட்" என்று அவர் வாயாலேயே கேட்க வைக்கலாம். முதலில் கூட்டம் குறைந்த நேரமே நல்லது.

சேர்ந்து செய்யும் வேலை கொடுங்கள். பள்ளித் தோட்டத்தில் ஒருவர் குழி தோண்ட, ஒருவர் கன்றைப் பிடிக்க, இவர் நீர் ஊற்றட்டும். கையில் வேலை இருந்தால் பேச்சு தானாக வரும்.

கண்ணைப் பார்த்துப் பேசும்படி வற்புறுத்த வேண்டாம். பார்க்காமலும் அவர் கேட்டுக்கொண்டிருப்பார். உடன் படிப்பவர்களுக்கும் பாடம் உண்டு: சுருக்கமாகப் பேசவும், பதிலுக்குக் காத்திருக்கவும், கேலி செய்யாதிருக்கவும் அவர்கள் பழக வேண்டும்.

மதிப்பீடு செய்து பயிற்சியைத் திட்டமிடுவது சிகிச்சையாளரின் பணி. வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் வழியாக அவரை அணுகலாம். தினமும் பழக்கும் வாய்ப்போ நம்மிடமே உள்ளது. இப்பருவத்துக்கு ஒரே ஒரு திறனைத் தேர்ந்தெடுங்கள். உதவியின்றி அவர் எத்தனை படிகளைச் செய்தார் என்று வாரம் ஒருமுறை குறித்து வாருங்கள். பெற்றோரிடம் காட்ட மதிப்பெண்ணோடு அதுவும் இருக்கட்டும்.