கருப்பட்டிக் காப்பியும் கைப்பேசிக் கணக்கும்



அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து மாதந்தோறும் நமது நீரிழிவு சிகிச்சைப் பிரிவுக்கு வரும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், சென்ற முறை மருத்துவரைப் பார்க்கக் காத்திருக்கையில் தம்முடைய கைப்பேசியை என்னிடம் நீட்டினார். "ஐயா, இது மூணு மாசமா ஒழுங்கா வேல செய்ய மாட்டேங்கு. மஸ்கட்ல இருந்து எம் மவன் தெனமும் இதத்தான் பாக்கான். இதுக்குப் பதிலா வேற எதப் போடலாம்னு டயட்டீஷியன் அம்மாகிட்ட கேட்டுச் சொல்லுதீயளா?"

அவர் காட்டியது, தட்டிலுள்ள ஆகாரத்தைப் படம் எடுத்தால் அதில் எத்தனை கலோரி என்று சொல்லும் செயலி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஊருக்கு வந்த மகன் சந்தா கட்டிப் போட்டுக் கொடுத்தது. ஆரம்பத்தில் இட்லியை இட்லி என்றும் தோசையைத் தோசை என்றும் சொல்லிக்கொண்டிருந்தது. பின்பு பதில் வரத் தாமதமாயிற்று. ஒருநாள் அவியலை நூடுல்ஸ் என்றதாம். இப்போது பாதி நாட்கள் 'மீண்டும் முயற்சி செய்க' என்பதோடு நின்றுவிடுகிறது. அந்த நிறுவனத்தாரிடமிருந்து ஓராண்டுக்கு மேலாகப் புதுப்பிப்பு எதுவும் வரவில்லை. இப்படிப்பட்ட செயலிகளில் படத்தை அடையாளம் காணும் வேலை பெரும்பாலும் கைப்பேசிக்குள் நடப்பதில்லை. எங்கோ தூரத்திலுள்ள பெரிய கணினிகளில் நடக்கிறது. அவற்றுக்குச் செலவழிப்பதை நிறுத்திவிட்டால் நம் கையில் மிஞ்சுவது வெறும் கூடுதான்.

உங்களில் பலர் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்துகொண்டு, ஊரிலுள்ள தாய் தகப்பனாருக்கு இப்படி ஒன்றைப் போட்டுக் கொடுத்திருக்கக்கூடும். நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசலில் நிற்பதாகவும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் தெரிவித்தது. ஆகவே எங்கள் டயட்டீஷியனோடு இரண்டு மத்தியானங்கள் உட்கார்ந்து அறிந்துகொண்டதை எழுதுகிறேன்.

எந்தச் செயலி நல்லது என்று நான் கேட்டதற்கு அவர் உடனே பதில் சொல்லவில்லை. "இது நல்லா வேலை செஞ்ச நாள்ல என்ன கணக்குச் சொல்லிச்சு, பாப்போமே" என்று பழைய பதிவுகளைத் திறந்தார். நாளுக்கு 1,200 கலோரியை ஒட்டியே இருந்தது. ஆனால் அதே மாதங்களில் அந்த அம்மாவின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 7-லிருந்து 8-ஐத் தாண்டியிருக்கிறது. மகன் மஸ்கட்டில் நிம்மதியாக இருந்த காலம் அது.

காரணம் மூன்றாம் நாள் பதிவிலேயே தெரிந்தது. 'கடுங்காப்பி, 3 கலோரி.' இப்படிக் காலை, முற்பகல், சாயங்காலம் என்று மூன்று வேளை. "என்ன காப்பிம்மா இது?" என்றார் டயட்டீஷியன். "கருப்பட்டிக் காப்பிதான். சீனிய விட்டு நாலு வருசமாச்சுல்லா!" என்று பெருமையாகவே பதில் வந்தது. டம்ளருக்குள் கரைந்த கருப்பட்டியைப் படம் எப்படிக் காணும்? டம்ளருக்கு 20 கிராம் என்று வைத்தாலும் ஏறத்தாழ 75 கலோரி. மூன்று டம்ளருக்கு 225. அதில் பெரும்பகுதி சுக்ரோஸ் என்னும் சாதாரணச் சர்க்கரைதான். கருப்பட்டி சர்க்கரை நோயாளிக்கு ஆகும் என்கிற நம்பிக்கை நமது தேரிக்காட்டுப் பக்கத்தில் மட்டுமல்ல, படித்தவர் வீடுகளிலும் வேரூன்றிக் கிடக்கிறது. உடன்குடிக் கருப்பட்டியின் ருசியைப் பற்றி எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இரத்தம் ருசி பார்ப்பதில்லை.

படம் எடுத்துக் கணக்குச் சொல்வதில் மூன்று படிகள் உள்ளன. இது என்ன ஆகாரம் என்று அறிவது முதலாவது. எவ்வளவு இருக்கிறது என்று மதிப்பிடுவது இரண்டாவது. அந்த ஆகாரத்துக்கு 100 கிராமுக்கு இத்தனை என்று எழுதிய அட்டவணையைப் பார்த்துப் பெருக்குவது மூன்றாவது. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் பிசகினால் முடிவில் பெரும் பிசகு.

முதல் படியில் ஆண்டுக்கு ஆண்டு முன்னேற்றம் இருக்கிறது. சூரிக் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 2014இல் 101 வகை உணவுகளின் 1,01,000 படங்களைத் தொகுத்தார்கள். கணினிகளுக்கு உணவை அடையாளம் காணக் கற்பிக்க அந்தத் தொகுப்பு மிகவும் பயன்பட்டது. நம் நாட்டுச் சாயலில் அதில் சமோசாவும் கோழிக் குழம்பும் உண்டு, இட்லி இல்லை. கூகுள் ஆராய்ச்சியாளர்கள் 2015இல் படத்திலிருந்து கலோரி சொல்லும் முயற்சியை வெளியிட்டார்கள். 2021இல் கலிபோர்னியாவின் உணவுக்கூடங்களில் சுமார் 5,000 தட்டுகளின் சேர்மானங்களை எடைபோட்டுப் படமெடுத்துத் தந்தார்கள். இன்றைய செயலிகள் இட்லியையும் தோசையையும் நன்றாகவே கண்டுகொள்கின்றன. ஆனாலும் நம் மாவட்டத்துக் கூட்டாஞ்சோறு வந்தால் சாம்பார் சாதம் என்றுவிடுகின்றன. சொதியை மோர்க்குழம்பு என்று எழுதியதை நானே பார்த்தேன். மறுவீட்டுச் சாப்பாட்டில் சொதி சாப்பிட்ட எவரும் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். கணக்கில் அது சிரிப்பல்ல. கெட்டியான முதல் தேங்காய்ப்பாலில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 200 கலோரி. நீர்மோரில் 20கூடத் தேறாது.

இரண்டாவது படியில்தான் எண்ணெய் ஒளிந்திருக்கிறது. மூன்று சிறிய இட்லி சுமார் 150 கலோரி. தொட்டுக்கொள்ள மிளகாய்ப்பொடியில் மூன்று டீஸ்பூன் நல்லெண்ணெய் ஊற்றினால் அதுவே 125. குழைத்த பிறகு பொடிதான் தெரியும், எண்ணெய் தெரியாது. எந்தக் காமிராவும் இதைக் காணாது, புதிதாக வந்ததானாலும் சரி. பழைய சோற்றைக் கிண்ணத்தில் படம் எடுத்தால் நீராகாரத்துக்கு அடியில் எத்தனை பிடி சோறு கிடக்கிறது என்பதும் அப்படியே.

மூன்றாவது படியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கோ அதுதான் சுவாரசியமாக இருந்தது. இந்திய உணவுகளுக்கான அட்டவணை பிறந்தது நமது நீலகிரியில். இராபர்ட் மக்காரிசன் 1918இல் குன்னூரில் சிறிய அளவில் தொடங்கிய ஆராய்ச்சிக்கூடம்தான் 1958இல் ஐதராபாத்துக்குப் போய், பின்பு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று. குன்னூரில் இருக்கும்போதே, 1937இல், அய்க்ராய்டு என்பவர் இந்திய உணவுகளின் சத்து மதிப்பை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அதே நிறுவனம் 2017இல் 528 உணவுப்பொருட்களைப் புதிதாகச் சோதித்து வெளியிட்ட அட்டவணை இருக்கிறது. செயலி இதைப் பயன்படுத்துகிறதா, அல்லது அமெரிக்க அட்டவணையை மட்டும் வைத்திருக்கிறதா என்பது கேட்கவேண்டிய கேள்வி.

இதில் ஒரு விநோதம் உண்டு. நமக்கு அரிசி வேறு, சோறு வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி. 100 கிராம் சோற்றில், தண்ணீரை உறிஞ்சிக்கொண்டதால், சுமார் 130. தவறான வரியைத் தொட்டுவிட்டால் கணக்கு இரண்டரை மடங்குக்கு மேல் ஏறும், அல்லது இறங்கும். புதிய செயலியைப் போட்டதும் முதலில் இதைச் சோதித்துப் பாருங்கள் என்றார் டயட்டீஷியன்.

இனி, எவை உள்ளன என்று பார்ப்போம். நம் நாட்டில் பலரும் அறிந்தது பெங்களூரின் ஹெல்திஃபைமீ. அதன் பிறப்புக்குப் பின்னால் உள்ள கதை உங்களுக்குப் பிடிக்கும். அமெரிக்காவில் படித்த துஷார் வஷிஷ்ட், மாத்யூ செரியான் என்னும் இரு இளைஞர்கள் 2011இல், சாதாரண இந்தியர் ஒருவரின் வரும்படியில் வாழ்ந்து பார்ப்போம் என்று பெங்களூரில் நாளுக்கு 100 ரூபாயில் சில வாரங்கள் இருந்தார்கள். அப்புறம் கேரளத்துக் கருகச்சால் கிராமத்துக்குப் போய், திட்டக்குழு கிராமத்து வறுமைக்கோடு என்று சொன்ன 26 ரூபாயில் வாழ்ந்தார்கள். புழுங்கலரிசிச் சோறு, கிழங்கு, வாழைப்பழம், கட்டன் சாயா, அவ்வளவுதான். எதைத் தின்றால் எத்தனை கலோரி என்று அன்றாடம் கணக்குப் பார்க்கவேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு இந்தச் செயலி உருவாயிற்று. பசியை அளக்கத் தொடங்கிய கணக்கு இன்று பெரும்பாலும் பருமனைக் குறைக்கப் பயன்படுகிறது. நம் ஊர் உணவுகள் இதில் ஏராளம். கிண்ணம், கரண்டி என்ற வீட்டு அளவுகளும் உண்டு. கட்டணத் திட்டத்துக்கு அழைக்கும் அறிவிப்புகளை வயதானவர்கள் தாங்களாகவே தொட்டுவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

மைஃபிட்னஸ்பால் என்பது 2005இல் தொடங்கிய அமெரிக்கச் செயலி. அதன் உணவுப் பட்டியல் மிகப் பெரியது. ஆனால் அதில் பெரும்பகுதி பயனாளிகள் தாங்களே எழுதிச் சேர்த்தது. 'சாம்பார்' என்று தேடினால் பத்து விதமான கணக்கு வரும். அண்டர் ஆர்மர் நிறுவனம் 2015இல் இதை 47.5 கோடி டாலருக்கு வாங்கி, 2020இல் 34.5 கோடி டாலருக்கு விற்றது. நடுவில், 2018இல், சுமார் 15 கோடிப் பயனாளிகளின் கணக்கு விவரங்கள் திருடுபோயின. பொட்டலத்தின் பட்டைக் குறியைப் படிக்கும் வசதி 2022இல் இலவசத்திலிருந்து கட்டணத்துக்குப் போயிற்று. இவ்வளவு பெரிய கடையே இத்தனை கை மாறுகிறதென்றால், சிறிய செயலிகள் சோர்ந்துபோவதில் ஆச்சரியமில்லை.

கனடாவின் குரோனோமீட்டர் சரிபார்த்த அட்டவணைகளையே நம்புகிறது. இரும்பு, சுண்ணாம்புச் சத்து முதலானவற்றையும் காட்டுகிறது. நம் சமையல் அதில் குறைவு. ஆனால் வீட்டுக் குழம்பின் சேர்மானங்களை ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டால் அப்புறம் கரண்டிக் கணக்கில் போடலாம். பொறுமை உள்ளவர்களுக்கு ஏற்றது.

இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க டயட்டீஷியன் சொன்ன வழி, எந்த விளம்பரத்தையும்விட எனக்கு நல்லதாகத் தோன்றியது. ஒரு சமையல் தராசு வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான். உங்கள் வீட்டில் அடிக்கடி வரும் ஐந்து ஆகாரங்களை, சேர்மானத்தை எடைபோட்டுச் சமைத்து, அட்டவணையைப் பார்த்துக் கையால் கணக்குப் போடுங்கள். அதே தட்டைச் செயலியில் படம் எடுங்கள். முதல் பதில் சரியா என்பதைவிட, "எண்ணெய் எவ்வளவு? இனிப்பு சேர்த்ததா? எத்தனை கரண்டி?" என்று அது உங்களைக் கேட்கிறதா, நீங்கள் திருத்தியதை அடுத்த நாள் நினைவில் வைத்திருக்கிறதா என்று பாருங்கள். கேட்காமல் உடனே எண்ணைச் சொல்லும் செயலி எவ்வளவு அழகாக இருந்தாலும் தள்ளிவிடலாம்.

பழையதை விடும்போது இரண்டு காரியங்கள் மறக்கவேண்டாம். அது மூச்சோடு இருக்கும்போதே பதிவுகளை இறக்கிக்கொள்ளுங்கள். அமைப்புகள் பகுதியில் அதற்கு வழி இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் கடைசி மூன்று மாதப் பக்கங்களைத் திரைப்படமாகவாவது பிடித்து வையுங்கள். அடுத்தது சந்தா. செயலியைக் கைப்பேசியிலிருந்து அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது. கூகுள் பிளேயிலோ ஆப்பிள் கணக்கிலோ போய் இரத்து செய்தால்தான் நிற்கும். இந்த அம்மாவின் மகன் சரியாக வேலை செய்யாத செயலிக்கு இன்னும் பணம் கட்டிக்கொண்டிருந்தார்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு மட்டும் ஒன்றை அழுத்திச் சொல்லச் சொன்னார்கள். படம் சொல்லும் மாவுச்சத்துக் கணக்கைப் பார்த்து ஊசி அளவைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. சாம்பார் சாதம் என்று தவறாகப் படித்த ஒரு தட்டுக்காக நான்கு யூனிட் கூடப் போட்டுக்கொண்டால், இரவு இரண்டு மணிக்கு வியர்த்து விறுவிறுத்துச் சர்க்கரை இறங்கிப்போகும். தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு அது உயிர் காரியம். அளவை மாற்றுவது மருத்துவரோடு பேசித்தான்.

அந்த அம்மா இரண்டு செயலிகளைத் தம் அடுக்களையிலேயே சோதித்துவிட்டு, எண்ணெய்க் கணக்கைக் கேட்கும் ஒன்றை வைத்துக்கொண்டார். கூடவே 40 பக்க நோட்டு ஒன்றும் போட்டிருக்கிறார். படத்தில் தெரியாததை அதில் எழுதி, ஞாயிற்றுக்கிழமைகளில் மகனுக்கு வாசித்துக் காட்டுகிறார். இந்த மாதம் வந்தபோது பார்த்தேன். கருப்பட்டிக் காப்பி மூன்றிலிருந்து ஒன்றாக இறங்கியிருந்தது. பன்னிரண்டாம் தேதிக்கு எதிரே 'அல்வா, ஒரு துண்டு, ஜங்ஷன்ல வாங்குனது' என்று இருந்தது. "இதையும் மகனுக்கு வாசிச்சீங்களா?" என்று கேட்டேன். "அந்தப் பக்கத்த மட்டும் புரட்டிட்டேன் ஐயா" என்றார்.