குல்கி காட்டில் வண்டி நின்ற நாள்

வங்கிப் பணியில் இருப்போருக்கு ஒரு விந்தையான விடுப்பு உண்டு. நாம் கேட்டுப் பெறுவதன்று; கேளாமலே தரப்படுவது. முக்கியப் பொறுப்புகளில் உள்ள ஊழியர்களை ஆண்டுக்கு ஒருமுறை, முன்னறிவிப்பு எதுவுமின்றி, தொடர்ச்சியாகக் குறைந்தது 10 வேலை நாட்களுக்கு விடுப்பில் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் ஏற்பாடு. ஒருவர் இருக்கையை விட்டு விலகியிருக்கும்போது அவர் பார்த்துவந்த வேலையை வேறொருவர் பார்ப்பார். மறைந்திருக்கும் பிழை ஏதேனும் இருந்தால் அப்போது வெளிப்படும். தணிக்கையின் நோக்கில் பிறந்த விதிதான். ஆனாலும் இதைப்போல் இனிய தணிக்கை வேறில்லை.

சென்ற டிசம்பரின் முதல் வாரத்தில் எனக்கு அந்த விடுப்பு வந்தது. மும்பையிலிருந்து சொந்த ஊரான நாகர்கோவிலுக்குக் காரிலேயே போய்வருவது என்று அன்று மாலையே முடிவாயிற்று. பன்வேலில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் 66ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, மகாராஷ்டிரம், கோவா, கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு என ஐந்து மாநிலங்களைத் தொட்டுக்கொண்டு சுமார் 1,600 கிலோமீட்டர் ஓடுகிறது. நானும் கணவரும் மாறி மாறி ஓட்டுவதாக ஏற்பாடு. பின்னிருக்கையில் என் தந்தையார். அகவை 77. அரசுப் பேருந்தில் 29 ஆண்டுகள் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா காலமான பின் எங்களோடு மும்பையில் இருக்கிறார்.

எந்த ஊரில் எத்தனை மணிக்கு இருப்போம், எங்கே தங்குவோம் என்று நாங்கள் எழுதிவைத்த தாளை அப்பா வாங்கிப் பார்த்தார். "நாலாம் நாள் வண்டி ஓடக் கூடாது" என்றார். எங்கே நிற்பது என்று கேட்டேன். "எங்கேயாவது. ஆனால் சாவி என் கையில் இருக்கணும்."

அவர் சொன்னதில் சட்டமும் இருக்கிறது. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961, கூலிக்கு வண்டி ஓட்டுபவரின் வேலையை நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என வரையறுத்தது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்டாமல் அரை மணி நேரமேனும் இளைப்பாற வேண்டும் என்றது. ஏழு நாட்களுக்கு ஒரு நாள் ஓய்வுக்கும் வழி செய்தது. சொந்தக் காரைத் தானே ஓட்டிச் செல்லும் குடும்பத் தலைவருக்கோ தலைவிக்கோ அப்படி எந்த வரம்பும் இல்லை. மும்பையிலிருந்து மங்களூருக்கு ஒரே மூச்சில் வந்தேன் என்று பெருமையாகச் சொல்லும் நண்பர்கள் நம் எல்லோருக்கும் இருக்கிறார்கள். அந்தப் பெருமையில் பங்குகொள்ள அப்பா ஒருபோதும் இசைந்ததில்லை. தூக்கம் கண்ணில் வருவதற்கு முன்பே கையில் வந்துவிடும் என்பார். ஸ்டியரிங் பிடித்த கை சற்றே தாமதித்துத் திரும்பும், அதை ஓட்டுகிறவரே உணரமாட்டார்.

முதல் இரவு ரத்னகிரியில், இரண்டாம் இரவு கார்வாரில். இரண்டாம் நாள் பிற்பகலிலேயே அப்பாவின் கணுக்கால்கள் வீங்கியிருந்தன. காலைத் தொங்கவிட்டு நெடுநேரம் அமர்ந்திருக்கும் முதியவர்களுக்கு இது வழக்கமாக நேர்வதே. ஒன்றரை மணிக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி நடக்கவைப்பது உதவும். நாங்களும் நடந்தோம். ஆனால் அதற்குள் கணவரும் நானும் வழிகாட்டும் செயலியின் குரலைவிடக் கூடுதலாக ஒருவரையொருவர் திருத்திக்கொள்ளத் தொடங்கியிருந்தோம்.

கார்வாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். காளி நதி கடலோடு கலக்கும் இடம் இது. இந்திய சிவில் பணிக்குத் தேர்வான முதல் இந்தியரான சத்யேந்திரநாத் தாகூர் இங்கே நீதிபதியாக இருந்தார். இளைஞராயிருந்த அவருடைய தம்பி ரவீந்திரநாத் வந்து தங்கினார். இன்று கடற்கரைக்கே அவர் பெயர்தான். கடலை விட்டுவிட்டு அந்த நதி வரும் திசையில் மலையேறுவது என்று அங்கே தீர்மானித்தோம்.

கத்ரா, அன்ஷி, ஜோய்டா, தாண்டேலி என நூறு கிலோமீட்டருக்கு மேல் செல்லும் அந்தச் சாலை பெரும்பகுதியும் காட்டினூடே செல்கிறது. 2007இல் தாண்டேலி–அன்ஷி புலிகள் காப்பகம் என்று அறிவிக்கப்பட்டு, 2015இல் காளி புலிகள் காப்பகம் என்று பெயர் மாற்றப்பட்ட காடு இது. கருஞ்சிறுத்தைகளுக்குப் பேர்பெற்றது. தாண்டேலியைத் தாண்டிச் சிறிது தூரத்தில் குல்கி என்னும் இடத்தில் கர்நாடக வனத்துறையின் முகாம் இருக்கிறது. தேக்கும் மருதும் மூங்கிலும் சூழ்ந்த நிழலில் கித்தான் கூடாரங்கள். உள்ளே இரண்டு கட்டில்கள், ஒரு விளக்கு. வார நடுநாளாதலால் பெரும்பாலான கூடாரங்கள் காலியாகவே இருந்தன. மூன்றாம் நாள் நண்பகலில் போய்ச் சேர்ந்ததும் அப்பா கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன்.

மறுநாள்தான் நான் சொல்லவந்த நாள்.

காலையில் குளிர் இருந்தது. வெப்பமண்டலக் காடு என்றால் எப்போதும் புழுக்கம் என்று எண்ணுவோம். டிசம்பர் விடியலில் குல்கியில் போர்வையை விட்டுக் கை நீட்ட மனம் வராது. ஏழு மணிக்கு மேல் மூங்கில் புதர்களுக்கிடையே வெயில் சாய்வாக இறங்கியது. கைப்பேசியில் இணைப்பு வருவதும் போவதுமாக இருந்து, ஒன்பது மணிக்குப் பின் போயே விட்டது. கணவர் இரண்டு முறை முகாம் வாயில் வரை நடந்து பார்த்துவிட்டு, பின்பு கட்டிலில் படுத்து உறங்கிவிட்டார். நண்பகல் வரை உறங்கினார். அவரை எழுப்பாதே என்று அப்பா சைகை காட்டினார்.

கூடாரத்துக்கு எதிரே ஓர் அத்திமரம். அதன் கீழே இரண்டு நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு, மூன்றாவதில் அப்பாவின் கால்களை உயர்த்தி வைத்து அமர்ந்திருந்தோம். திடீரென்று தலைக்கு மேலே ஓர் ஓசை. காற்றைச் சீறலாக விட்டு விட்டு இழுப்பதுபோல். "ஏர் பிரேக் விடுற சத்தம்லா!" என்று அப்பா நிமிர்ந்து பார்த்தார். பெரிய இருவாச்சி ஒன்று மஞ்சள் அலகோடு மரத்தில் வந்து அமர்ந்தது. அதன் சிறகடிப்பு வெகுதூரம் கேட்கும். இந்தியாவில் காணப்படும் ஒன்பது இருவாச்சி இனங்களில் நான்கு இந்தக் காட்டில் வாழ்கின்றன. அவற்றுள் மலபார் சாம்பல் இருவாச்சி மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. தாண்டேலி ஊருக்குள் இருக்கும் மரக்கிடங்குக்கே இருவாச்சிகள் வரும், காரில் போய்ப் பார்த்துவரலாம் என்று முகாம் காவலர் சொன்னார். சாவி அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது. நாங்கள் எழவில்லை.

இருவாச்சியின் குடும்ப வாழ்க்கையையும் அக்காவலரே விளக்கினார். பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, தன் எச்சம் முதலியவற்றால் வாயிலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விடும். முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு வளரும் வரை மாதக்கணக்கில் ஆண் பறவைதான் பழங்களைக் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். கன்னடமும் இந்தியும் கலந்த அவர் பேச்சை நான் தமிழாக்கிச் சொல்ல, அப்பா கவனமாகக் கேட்டார். "பாவம், டியூட்டி மாத்திவிட ஆளில்ல" என்றார்.

நண்பகல் உணவுக்குச் சமையற்காரம்மா தம்புளி செய்திருந்தார். மோரில் ஏதேனும் ஒரு கீரையை அரைத்துக் கலந்து, தாளித்து, சூடாக்காமலே சோற்றில் ஊற்றி உண்ணும் குளிர்ந்த குழம்பு; உத்தர கன்னடப் பகுதியில் வீடுதோறும் உண்டு. அன்றைய கீரையை அவர்கள் ஒந்தெலகா என்றார்கள். பார்த்தால் நம் வல்லாரை. மூன்றாம் முறை ஊற்றும்போது "இன்னும் கொஞ்சம், அஜ்ஜா" என்று அவர் கன்னடத்தில் சொன்னது அப்பாவுக்கு மொழிபெயர்ப்பின்றியே விளங்கியது. இரண்டு நாட்களாக நெடுஞ்சாலை உணவகங்களில் பாதி உணவை ஒதுக்கிவைத்தவர் அவர்.

பிற்பகல் நீண்டது. சில்வண்டுகள் ஒரே சுருதியில் இரைந்து, சட்டென்று ஒன்றாக நின்று, மீண்டும் தொடங்கின. செம்பழுப்பு வாலைத் தொங்கவிட்டபடி ஒரு மலை அணில் கிளையில் மல்லாந்து கிடந்தது. நதியைப் பற்றிப் பேச்சு வந்தது. 184 கிலோமீட்டர் நீளமே உடைய காளியின் குறுக்கே பல அணைகள். அவற்றுள் பெரியது 101 மீட்டர் உயரமுள்ள சூப்பா. கணேஷ்குடியில் ரப்பர் படகு விடுவது அந்த அணையின் மின்நிலையம் நீரைத் திறந்துவிடும் நேரத்தைப் பொறுத்தது. ஆற்றுக்கும் ஷிஃப்ட் இருக்கிறது என்று நான் சொன்னதற்கு அப்பா சிரிக்கவில்லை. சற்று நேரம் கழித்து அவரே பேசினார்.

"ஒங்கம்மா கொல்லூருக்கு ஒரு தடவ போகணும்னு சொல்லிக்கிட்டே கெடந்தா, மக்ளே. நான் லீவு கெடைக்கல, கெடைக்கலன்னு சொல்லியே காலம் போச்சு. ரிட்டையர் ஆன பொறவு அவளுக்கு முட்டு முடியல."

அம்மா போய் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அந்த மூன்று ஆண்டுகளில், ஒரே வீட்டில் இருந்தும், அம்மாவைப் பற்றி அவர் தாமாகப் பேசிய முதல் சொற்கள் இவை. மும்பையில் நான் வீடு திரும்பும்போது அவர் செய்தி பார்த்துக்கொண்டிருப்பார், மருந்து சாப்பிட்டீர்களா என்று கேட்பேன், சாப்பிட்டேன் என்பார். அதற்குமேல் கேட்கவோ சொல்லவோ நேரம் அமைந்ததில்லை. அன்று மாலை இருட்டும் வரை அவர் பேசினார். இரவுப் பேருந்து ஓட்டிவிட்டு விடியலில் வரும் அவருக்காக அம்மா கதவைத் தாழிடாமல் வைத்திருந்தது; பண்டிகை நாட்களில் அவருடைய சோற்றுப் பாத்திரத்தில் எனக்குத் தெரியாமல் கூடுதலாக ஒரு அதிரசம் போனது; இப்படிச் சிறியவை. இடையில் ஒருமுறை தேநீர் வந்தது. கணவர் எழுந்துவந்து, எதுவும் கேட்காமல் மூன்றாவது நாற்காலியின் ஓரத்தில் அப்பாவின் கால்களுக்கு அருகே அமர்ந்துகொண்டார். வீக்கம் வடிந்திருந்தது.

போக விரும்பும் வாசகர்களுக்குச் சில செய்திகள். மழைக்காலத்தில் இந்தக் காடு அட்டைகளுக்கு உரியது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை செல்வது நலம். வனத்துறையிடம் முன்பதிவு செய்துகொண்டு போக வேண்டும். வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகளைக் கூடுதலாக இரண்டு நாட்களுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கையில் ரொக்கமும் இருக்கட்டும். எண்முறைப் பணப்பரிமாற்றத்தை நாள்தோறும் வலியுறுத்துகிற நானே இதைச் சொல்கிறேன், ஏனெனில் இணைப்பு இல்லாத இடத்தில் எந்தச் செயலியும் வேலை செய்யாது. தின்பண்டங்களைக் கூடாரத்துக்குள் வைத்தால் குரங்குகள் கணக்கை முடித்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு முழு நாளைக் காலியாக விட்டுவையுங்கள். காலையில் சஃபாரி, மதியம் படகு, மாலையில் அருவி என்று அதை நிரப்பிவிட ஆசை வரும். நிலுவைக்கென ஒதுக்கிய தொகையை வேறு செலவுக்கு எடுப்பதைப் போன்றது அது.

ஐந்தாம் நாள் விடியலில் அப்பா எங்களுக்கு முன்பே எழுந்து, நான்கு டயர்களையும் தட்டிப் பார்த்துவிட்டு, சாவியை என்னிடம் கொடுத்தார். எல்லாப்பூர் வழியாக அரபைல் மலைச்சாலையில் இறங்கி, அங்கோலாவில் மீண்டும் கடலோர நெடுஞ்சாலையைப் பிடித்தோம். எங்கள் தாளில் அன்றிரவு மங்களூர் என்று எழுதியிருந்தது. பைந்தூரில் கொல்லூருக்கான கைகாட்டி வந்தபோது கணவர் என்னைப் பார்த்தார். நான் ஏற்கெனவே இடப்பக்கம் விளக்கைப் போட்டிருந்தேன்.